பீடி சுற்றும் அக்காவுக்கு ரெண்டு வருஷமா குறுக்கு வலி: பயிற்சித் தாளில் இருக்கிறதைச் செஞ்சா வலி கூடுது, எங்கே தப்பு?

ஆலங்குளம் தன்னார்வலர்

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாப் போறேன். ஆலங்குளம் பக்கத்து ஊர் ஒண்ணுல ஒரு அக்காவைப் பத்திக் கேட்கணும். அதே தெருவில் இன்னும் நாலு பேருக்கு இதே வலி இருக்கு, அதனால பதில் அஞ்சு பேருக்கும் ஆகும்.

வயசு 49. நாளைக்கு 800 பீடி சுத்துறாங்க. தரையில் காலை நீட்டி, சுளகை மடியில் வச்சு, காலையிலிருந்து சாயங்காலம் வரை. உட்கார்ந்து 20 நிமிஷத்தில் குறுக்கு உளைய ஆரம்பிக்குது. 40 நிமிஷம் ஆனா வலது புட்டத்திலிருந்து தொடையின் பின்பக்கம் இறங்குது, முட்டிக்குக் கீழே போறதில்லை. எழுந்து நடந்தா குறையுது. காலையில் அரை மணி நேரம் விறைப்பு. பீடித்தூளுக்கு இருமும்போது குறுக்கில் சுள்ளுன்னு இழுக்குது.

எம்.ஆர்.ஐ. அறிக்கையில் கீழ்முதுகில் எல்4-எல்5 எலும்புகளுக்கு இடையே உள்ள தட்டு (டிஸ்க்) பிதுங்கியிருக்குன்னு எழுதியிருக்கு. மரத்துப் போறது இல்லை. குதிகாலாலும் முன்னங்காலாலும் நடக்கச் சொல்லிப் பார்த்தேன், ரெண்டும் முடியுது. சர்க்கரை இல்லை, பிபிக்கு மாத்திரை எடுக்கிறாங்க.

ஒரு இடத்தில் பத்துப் படம் அச்சடிச்ச தாள் கொடுத்து அனுப்பியிருக்காங்க. முட்டியை நெஞ்சோட கட்டுறது, நின்னு குனிஞ்சு கால்விரலைத் தொடுறது, படுத்து முழுசா எழுந்து உட்காருறது, ரெண்டு காலையும் சேர்த்துத் தூக்குறது, கவிழ்ந்து படுத்துக் கை கால் எல்லாத்தையும் ஒரே நேரத்தில் தூக்குறது, இப்படி. எல்லாம் பத்துப் பத்து தடவை, காலையில் எழுந்ததும். நாலே நாளில் வலி கூடி விட்டுட்டாங்க. இப்ப பயிற்சின்னு சொன்னாலே பயப்படுறாங்க. பெல்ட்டு மட்டும் ராத்திரி படுக்கிற வரை கழற்றுறதே இல்லை.

எது தப்பாப் போச்சு? எதை, எத்தனை தடவை கொடுக்கலாம்? வலி வந்தா நிறுத்தணுமா, பொறுத்துக்கிட்டுச் செய்யணுமா?

பாளை பிசியோ

நீங்க எடுத்த குறிப்பு நல்லா இருக்கு, பாதி வேலை அதிலேயே முடிஞ்சிருக்கு. முதலில் ஒண்ணைக் கேட்டு உறுதி பண்ணிக்கோங்க. சிறுநீர் அடைக்குதா, போறது தெரியாமப் போகுதா? உட்காரும் இடத்தைச் சுத்தி, பிறப்புறுப்பு வரை மரத்திருக்கா? ரெண்டு காலும் தளருதா? இதில் ஒண்ணு இருந்தாலும் அன்னைக்கே பாளை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போகணும். சாயங்காலக் காய்ச்சல், எடை குறையுறது, படுத்தாலும் அடங்காத ராத்திரி வலி இருந்தா முதுகெலும்பில் காசநோய் இருக்கான்னு பார்க்காம எந்தப் பயிற்சியும் தொடங்கக் கூடாது. நம்ம ஊரில் அதை மறந்துடக் கூடாது. இதெல்லாம் இல்லைன்னா மேலே படிங்க.

தாளில் இருந்த எல்லாமே கெட்ட பயிற்சின்னு இல்லை. இந்த அக்காவுக்கு, அந்த நேரத்துக்கு, அந்த எண்ணிக்கைக்குத்தான் பொருந்தலை. ராத்திரி படுத்திருக்கும்போது முதுகுத் தட்டுகள் தண்ணீரை இழுத்து உப்பியிருக்கும். காலையில் நம்ம உயரமே ஒண்ணரை சென்டிமீட்டர் போல கூடுதலா இருக்கும், எழுந்த முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே அதில் பாதிக்கு மேல் இறங்கிடும். அந்த நேரத்தில் குனிஞ்சா தட்டின் பின்பக்கத்தில் விழும் அழுத்தம் மத்தியானத்தைவிட ரொம்ப அதிகம். நாள்பட்ட வலி உள்ளவங்க காலையில் குனிவதைத் தவிர்த்தாலே வலி குறைஞ்சதுன்னு 1998ல் ஸ்னூக் என்பவர் ஆய்வு செஞ்சு காட்டியிருக்கார். நாள் முழுக்கக் குனிஞ்சே வேலை பார்க்கிறவங்களுக்கு, எழுந்ததும் முட்டியைக் கட்டி விரலைத் தொடச் சொன்னா வலிக்காம என்ன செய்யும்?

முழுசா எழுந்து உட்காரும் பயிற்சியில் கீழ்முதுகில் விழும் அழுத்தம் ஏறக்குறைய 330 கிலோவுக்குச் சமம்னு கனடா வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்ட் மெக்கில் அளந்து சொல்லியிருக்கார். கவிழ்ந்து கை கால் எல்லாத்தையும் தூக்குறது அதையும் தாண்டும். ரெண்டு காலையும் சேர்த்துத் தூக்கும்போது இடுப்பு வளைக்கும் தசை முதுகெலும்பை முன்னால் இழுக்கும். இந்த மூணையும் தாளில் அடிச்சுடுங்க.

அடுத்து, எந்தப் பக்கம் வளைஞ்சா உடம்பு ஒத்துக்குதுன்னு பார்க்கணும். உட்கார்ந்தா கூடி, நடந்தா குறையுறவங்களுக்குப் பெரும்பாலும் பின்னால் வளையறது ஒத்துக்கும். நடந்தா, நின்னா கால் கடுத்து, உட்கார்ந்து குனிஞ்சா சுகம்னு சொல்ற வயசானவங்களுக்கு நேர்மாறு. அந்தத் தெருவில் அப்படி யாராவது இருந்தா அவங்களுக்கு இதைக் கொடுக்காதீங்க.

பார்க்கிற விதம் இது. கவிழ்ந்து படுத்து 3 நிமிஷம். அப்புறம் முழங்கையை ஊன்றி நெஞ்சை மட்டும் தூக்கி 2 நிமிஷம். இடுப்பு பாயை விட்டு எழும்பக் கூடாது, புட்டத்தைத் தளர விடணும். தொடை வலி மேலே ஏறி குறுக்கோட நின்னா நல்ல அறிகுறி, குறுக்கு வலி கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. வலி கீழே இறங்கி முட்டியைத் தாண்டினா உடனே நிறுத்துங்க. நியூசிலாந்துக்காரர் ராபின் மெக்கென்சி சொன்ன முறை இது. வேற எதையும் நினைவில் வைக்கலைன்னாலும் இதை வச்சுக்கோங்க: வலி எவ்வளவு என்பதைவிட எங்கே என்பது முக்கியம்.

பலப்படுத்த முதல் ரெண்டு வாரத்துக்கு மூணே மூணு போதும். காலை எழுந்து ஒரு மணி நேரம் கழிச்சு, இல்லைன்னா சாயங்காலம் வேலை முடிஞ்சு சுளகை எடுத்து வச்ச பிறகு.

ஒண்ணு, நாலு காலில் நின்னு, அதாவது கையையும் முட்டியையும் தரையில் ஊன்றி, எதிரெதிர்க் கையும் காலும் நீட்டுறது. முதல் வாரம் கையை நீட்ட வேண்டாம், ஒரு காலை மட்டும் தரையை ஒட்டிப் பின்னால் நீட்டட்டும். இடுப்பு திரும்பாம இருக்கணும், எல்லாரும் தவறுறது அங்கேதான். காலிச் சுளகைக் குறுக்கில் வச்சு அதில் ஒரு எலுமிச்சம்பழத்தை விடுங்க. காலை நீட்டும்போது பழம் உருண்டா இடுப்பு சாயுதுன்னு அர்த்தம். காலைத் தாழ்த்திச் செய்யச் சொல்லுங்க. உயரம் தேவையே இல்லை.

ரெண்டு, மல்லாந்து படுத்து முட்டியை மடக்கி இடுப்பைத் தூக்குறது. குறுக்கால் தூக்கக் கூடாது, புட்டத்தை இறுக்கித் தூக்கணும். தோளிலிருந்து முட்டி வரை ஒரே சரிவா வந்ததும் நிறுத்தணும்.

மூணு, பக்கவாட்டுத் தாங்கல். தரையில் இப்போ வேண்டாம். சுவரில் முழங்கையை ஊன்றி, கால் ரெண்டையும் சுவரிலிருந்து ரெண்டு அடி தள்ளி வச்சு, உடம்பைப் பலகை மாதிரி நேராச் சாய்ச்சு நிற்கட்டும்.

மூணிலும் ஒரு பிடி 8 முதல் 10 விநாடி, அதுக்கு மேல் நீட்ட வேண்டாம். முதல் சுற்று 4 தடவை, அரை நிமிஷம் ஓய்வு, அடுத்தது 3, அடுத்தது 2. இப்படி இறங்கு வரிசையில் போனா களைச்சு உருவம் குலையுறதுக்குள்ளே முடிஞ்சிடும். வாரத்துக்கு ஒண்ணு கூட்டி 6-5-4 வரை போகலாம். விநாடியை வாய்விட்டு எண்ணச் சொல்லுங்க. எண்ணினா மூச்சை அடக்க முடியாது, பிபி உள்ளவங்களுக்கு அது கட்டாயம்.

வலி விஷயம். பத்துக்கு நாலு வரை செய்யும்போது இருக்கலாம். மறுநாள் காலையில் பழைய அளவுக்கு இறங்கியிருக்கணும். இறங்கலைன்னா அடுத்த நாள் எண்ணிக்கையைப் பாதியாக்குங்க, நிறுத்திடாதீங்க. புட்டத்திலும் தொடையிலும் ரெண்டு நாள் இருக்கிற தசைக் கடுப்பு புதுசா உழைச்சதுக்கான கடுப்புதான்னு முன்கூட்டியே சொல்லி வைங்க. சொல்லாம விட்டா அதையே பழைய வலின்னு நினைச்சு நிறுத்திடுவாங்க.

முக்கூடல் மதினி

பிசியோ சொன்னது சரி. ஆனா கால் மணி நேரம் பயிற்சி செஞ்சிட்டு எட்டு மணி நேரம் அதே இருப்பு இருந்தா என்னத்துக்கு ஆகும்? இருப்பை முதல்ல மாத்துங்க.

காலை நீட்டி உட்காந்தா தொடைக்குப் பின்னால உள்ள நரம்பு, சதையெல்லாம் இழுத்து இடுப்பெலும்பைப் பின்னால சாய்ச்சிரும். அப்பம் குறுக்கு கூன் விழுந்து நிக்கும். மேலே சுளகு மடியில இருந்தா கழுத்தும் குனியும். சம்மணம் போட்டாலும் முட்டி இடுப்பை விட உயரத்துல நின்னா இதே கதைதான்.

உக்காருத இடத்தை நாலு விரக்கடையில இருந்து ஆறு விரக்கடை உயத்துங்க. மணைப்பலகை மேல பழைய போர்வையை நாலா மடிச்சுப் போட்டாப் போதும். முதுகு சுவரோட ஒட்டி இருக்கணும். குளிக்கிற துண்டை இறுக்கிச் சுருட்டி, பாவாடை நாடா கட்டுத இடத்துல சுவருக்கும் குறுக்குக்கும் நடுவுல வைங்க. அதைவிட மேலே வச்சா நெஞ்சைத் தள்ளும், கீழே வச்சா வழுக்கிரும். சுளகை மடியில வைக்காம ஒரு மரப்பெட்டியைக் கவுத்தி அது மேல வச்சா கை முழங்கை மட்டத்துக்கு வந்திரும், குனிய வேண்டியதில்லை. திண்ணை உள்ள வீடுன்னா காலைத் தொங்கப் போட்டு உக்காந்து சுத்துறது எல்லாத்தையும் விட நல்லது, பாதம் தரையில படணும்.

ஒரே இருப்புல எல்லா வேலையையும் செய்யாம மாத்தி மாத்தி வச்சிக்கிடணும். இலை வெட்டுறது நாற்காலியில, சுத்துறது திண்ணையில, கட்டு கட்டுறது தரையில.

50 பீடிக்கு ஒருக்கா எந்திரிக்கச் சொல்லுங்க. மணி பாத்து எந்திரின்னு சொன்னா யாரும் எந்திரிக்க மாட்டாவ, பீடிக் கணக்கு கையிலயே இருக்கு. எந்திரிச்சு ரெண்டு கையையும் இடுப்புல வச்சு மெதுவாப் பின்னால சாஞ்சு அஞ்சு தடவை, வாசல் வரை நடந்திட்டு வரணும், அம்புட்டுத்தான். 800 பீடிக்கு 16 தடவை, மொத்தம் கால் மணி நேரம். கூலி எண்ணிக்கைக்குத்தான வருது, அந்தக் கால் மணி நேரம் போயிருமேன்னு அவியளுக்கு இருக்கும், அது நியாயம். ஆனா மூணு மணிக்கு மேல வலியில கை வேகம் எம்புட்டுக் குறையுதுன்னு ஒரு நாள் எண்ணிப் பாக்கச் சொல்லுங்க, அவியளே முடிவு பண்ணிக்கிடுவாவ.

இருமல் வரும்போது ஒரு கையைச் சுவர்லயோ தொடையிலயோ ஊணிக்கிட்டு, முதுகை நிமித்தி வச்சு இருமணும். குனிஞ்சு இருமினாத்தான் சுள்ளுன்னு பிடிக்கும்.

இன்னொண்ணு, சேலையோட முட்டி போட்டா கொசுவம் முட்டிக்கு அடியில மாட்டி உருண்டிருவாவ. நைட்டிக்கு உள்ள சுடிதார் பேண்ட் போடச் சொல்லுங்க. சிமெண்டுத் தரையில பத்தமடைப் பாய் மட்டும் பத்தாது, அடியில ஜமுக்காளம், முட்டிக்கு மடிச்ச துண்டு. கயித்துக் கட்டில்ல செய்யவே கூடாது, நடுவுல தொங்கும்.

தென்காசி மறுவாழ்வு

மேலே இருவரும் சொன்னதோடு மூன்று விஷயம்.

அறிக்கையில் "பிதுக்கம்" என்று படித்ததிலிருந்துதான் அந்த அக்காவின் பயம் தொடங்கியிருக்கும். 2015இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, வலியே இல்லாத 50 வயதுக்காரர்களில் ஏறக்குறைய 60 சதவீதம் பேருக்கு எம்.ஆர்.ஐ.யில் தட்டுப் பிதுக்கம் தெரிகிறது. அதை நரைமுடி மாதிரி எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். குதிகாலில் நடக்க முடிகிறது, மரத்தல் இல்லை என்று நீங்கள் பார்த்துச் சொன்னது அந்த அறிக்கையைவிட மதிப்புள்ள செய்தி. இதை அவர்களிடம் உட்கார்ந்து நிதானமாகச் சொல்வதும் சிகிச்சையில் ஒரு பகுதிதான்.

பெல்ட்டு: 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட நாள்பட்ட கீழ்முதுகு வலி வழிகாட்டுதலில் பெல்ட்டையும் இழுவைச் சிகிச்சையையும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறார்கள். பரிந்துரைத்திருப்பது முறையான உடற்பயிற்சியையும் நோயைப் பற்றிய விளக்கத்தையும். ஆனால் இரண்டு வருடம் கட்டியதை ஒரே நாளில் பிடுங்காதீர்கள், மறுநாளே "கழற்றினேன், வலித்தது" என்று மறுபடி கட்டிவிடுவார்கள். முதல் வாரம் சுவரில் சாய்ந்து உட்காரும்போது மட்டும் கழற்றட்டும். இரண்டாம் வாரம் வீட்டுக்குள் நடக்கும்போது. பஸ் பயணத்துக்கும் குடம் தூக்கவும் கடைசியாக.

நடை: தினம் 10 நிமிடம், காலையும் மாலையும். வாரத்துக்கு 2 நிமிடம் கூட்டி ஒரே நடையில் 30 நிமிடத்துக்குக் கொண்டுவரலாம். கையை நன்றாக வீசி, கடைக்குப் பால் வாங்கப் போகிற வேகத்தில் நடக்க வேண்டும். ஆனித் தேரோட்டத்துக்குக் கூட்டத்தோடு நகருவதுபோல் நடந்தால் குறுக்கு கடுக்கும், ஏனென்றால் தசைகள் விட்டுவிட்டு இயங்காமல் ஒரே இறுக்கத்தில் நிற்கும். ஆஸ்திரேலியாவில் நடந்து 2024இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வில், வலி குணமானவர்கள் இப்படிப் படிப்படியாக நடந்தபோது அவர்களில் பாதிப் பேருக்கு வலி திரும்பி வர 208 நாள் ஆனது, நடக்காதவர்களில் பாதிப் பேருக்கு 112 நாள். கத்திரி வெயில் நாட்களில் காலை ஏழு மணிக்குள் முடித்துவிடச் சொல்லுங்கள்.

பிசியோவோடு ஒரு சின்ன வேறுபாடு. வயிற்றுத் தசைக்கு அவர் தனியாக எதுவும் சொல்லவில்லை. வழக்கமாகத் தலையையும் தோளையும் சற்றே தூக்கும் பயிற்சியைக் கொடுப்போம், ஆனால் நாள் முழுவதும் கழுத்தைக் குனிந்தே வைத்திருப்பவர்களுக்கு அதில் கழுத்துதான் முதலில் வலிக்கும். பதிலாக இது: மல்லாந்து படுத்து முட்டியை மடக்கி, ஒரு கையைக் குறுக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு, ஒரு பாதத்தை மட்டும் ஒரு சாண் தூக்கி இறக்குவது. கையின் மேல் இருக்கும் அழுத்தம் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. பக்கத்துக்கு 6 தடவை போதும்.

ஆறு வாரத்துக்குள் முழுசாகக் குணமாகும் என்று யாரும் வாக்குக் கொடுக்காதீர்கள். 249 ஆய்வுகளைத் தொகுத்த 2021 காக்ரேன் ஆய்வில், பயிற்சி செய்தவர்களுக்கு 100க்கு 15 புள்ளி அளவில்தான் வலி கூடுதலாகக் குறைந்தது. அது சின்ன விஷயமல்ல. இந்த அக்காவுக்கு 20 நிமிட இருப்பு 40 ஆகும் என்றால் ஒரு நாள் வேலையே மாறிவிடும். அதனால் நோட்டில் வலி எண்ணை எழுத வேண்டாம். உளைச்சல் தொடங்கும்வரை எத்தனை பீடி சுற்றினார்கள் என்று எழுதச் சொல்லுங்கள்.

ஆலங்குளம் தன்னார்வலர்

ஒன்பது நாள் ஆச்சு. சிறுநீர், மரத்தல், காய்ச்சல் எதுவும் இல்லைன்னு கேட்டு உறுதி பண்ணிட்டேன். காலையில் குனியறதை நிறுத்தினதில் விறைப்பு பத்து நிமிஷமாக் குறைஞ்சிருக்கு. நோட்டில் முதல் நாள் 35 பீடி, நேத்து 60.

சிக்கல் நாலு. முழங்கை ஊன்றிப் படுத்தா தொடை வலி போயிடுது, ஆனா குறுக்கு நடுவில் 3லிருந்து 4 ஆகுது. இடுப்பைத் தூக்கும்போது தொடைக்குப் பின்னால் பிடிச்சு இழுக்குது. நாலு காலில் நின்னா மணிக்கட்டு வலிக்குது, நாள் முழுக்க விரல் வேலை பார்க்கிற கை. வலது காலை நீட்டினா பழம் உருளலை, இடதை நீட்டினா உருண்டு விழுது.

குற்றாலத்தில் சாரல் தொடங்கியாச்சு, அருவியில் முதுகைக் காட்டி நின்னா சரியாகும்னு வீட்டில் கூப்பிடுறாங்களாம். போகலாமா?

பாளை பிசியோ

முதலாவது சிக்கலே இல்லை. தொடையிலிருந்து நடுக் குறுக்குக்கு வலி ஒதுங்குறதைத்தான் எதிர்பார்த்தோம். அடுத்த படிக்குப் போகலாம். உள்ளங்கையை நெஞ்சுக்குப் பக்கத்தில் ஊன்றி, இடுப்பு பாயிலேயே கிடக்க, மூச்சை விட்டுக்கிட்டே கையை நீட்டி மேல் உடம்பைத் தூக்கணும். மேலே ஒரு விநாடி தொய்ய விட்டு இறங்கணும். 10 தடவை, ஒரு நாளைக்கு நாலஞ்சு வேளை. மூணு நாளில் மாற்றமே இல்லைன்னா இதை விட்டுடலாம். தொடை வலி திரும்பினா ஒரு படி இறங்கி முழங்கைக்கே வாங்க.

தொடை பிடிக்குதுன்னா பாதம் தூரத்தில் இருக்குன்னு அர்த்தம். புட்டம் செய்ய வேண்டிய வேலையைத் தொடை செய்யுது. குதிகாலைப் புட்டத்திலிருந்து ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டு வந்து, முன்னங்காலை லேசாத் தூக்கி, குதிகாலால் தரையை அழுத்தச் சொல்லுங்க. தூக்குறதுக்கு முன்னாடியே புட்டத்தை இறுக்கணும். பிடி 10 விநாடி வேண்டாம், 5 போதும்.

மணிக்கட்டுக்கு, உள்ளங்கையை விரிக்காம முஷ்டியை ஊன்றலாம். அதுவும் வலிச்சா தரையை விட்டுட்டுத் திண்ணை ஓரத்தில் முன்கையை ஊன்றி, நின்னபடியே பின்னால் காலை நீட்டலாம். பாரமும் குறையும்.

இடது கால் நீட்டும்போது உடம்பைத் தாங்குறது வலது இடுப்பு. அந்தப் புட்டம் பலம் குறைஞ்சிருக்கு, வலி இறங்குற பக்கமும் அதுதான். அதனால இடது கால் நீட்டலை முதலில் செஞ்சு, ஒரு சுற்று கூடுதலாக் கொடுங்க. கால் தரையை விட்டு எழவே வேண்டாம், விரல் நுனி பாயை உரசிக்கிட்டே போகட்டும்.

கழுத்து விஷயத்தில் தென்காசிக்காரர் சொன்னது சரி, அவர் சொன்ன பாதம் தூக்கலை நாலாவதாச் சேர்த்துக்கோங்க.

அருவிக்குப் போகட்டும். தண்ணி அடிக்கிற அடியில் தசை தளர்ந்து சில மணி நேரம் சுகமா இருக்கும், பலம் கூடாது. பாறை வழுக்கும், அதனால கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, ஓரத்தில் மெல்லிசா விழுற இடத்தில் நிற்கணும். வேன் பயணம்தான் அதைவிடக் கெடுதல், துண்டுச் சுருளை மறக்காமக் கொண்டு போகச் சொல்லுங்க. மாதவிடாய் நின்னவங்க, எலும்புத் தேய்மானம்னு சொல்லப்பட்டவங்க நேரடியா அருவிக்கு அடியில் முதுகைக் காட்ட வேண்டாம்.

முக்கூடல் மதினி

தண்ணிக் குடத்தை யாரும் சொல்லலையே. ஒரே பக்க இடுப்புல நிறைகுடத்தைத் தூக்கி வச்சிக்கிட்டு வந்தா இம்புட்டுப் பயிற்சியும் வீணாப் போயிரும்.

பாளை பிசியோ

ஆமா மதினி, அதுதான் அடுத்த படி. முதலில் குடமில்லாம, இடுப்பிலிருந்து மடங்கப் பழகணும். ஒரு நீளக் கம்பை முதுகோட சேர்த்துப் பிடிச்சா பின்னந்தலை, தோள்பட்டைகளுக்கு நடு, புட்டத்துக்கு மேல் உள்ள எலும்பு, மூணு இடத்திலும் படணும். சுவருக்கு ஒரு சாண் தள்ளி, முதுகைக் காட்டி நின்னு, முட்டியை லேசா மடக்கி, புட்டத்தால் சுவரைத் தொடப் போகிற மாதிரி பின்னால் தள்ளணும். கம்பு மூணு இடத்தில் எதை விட்டு விலகினாலும் அங்கேயே நின்னு திரும்பணும். 10 தடவை, ரெண்டு சுற்று, ஒரு வாரம். அப்புறம் அரிசிப் பை 5 கிலோ, ரெண்டு கையாலும் உடம்போட ஒட்டி. அது வலியில்லாம ஆன பிறகு கால் குடம், அரைக் குடம். ரெண்டு நடை கூடுதலா நடந்தாலும் சரி, ரெண்டு கையிலும் ஒவ்வொரு சின்ன வாளியாப் பிரிச்சுக் கொண்டு வரட்டும், ஒரு பக்க இடுப்புக்கு மூணு மாசம் லீவு கொடுங்க.